குவாரி ஒன்று, குவாரி இரண்டு

மைக்கை யாரோ விரலால் தட்டிப் பார்க்கிறார், டொக் டொக் என்று அது என் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தட்டுவதுபோல இருக்கிறது, பதினொன்று அடிக்க இன்னும் எட்டு நிமிடம், எட்டு நிமிடத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், கரண்ட் போகலாம், புறத்தேர்வாளர் எபனேசர் சாருக்கு அவசரமாக ஒரு போன் வந்து அவர் அப்படியே எழுந்து பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிடலாம், போகமாட்டார், முதல் வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் நனைத்து நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறார், அவர் மடியில் என் ஆய்வேடு, நீல அட்டை, தங்க எழுத்து, கா. பெரியநாயகி, ஆங்கிலத்தில் வேட்டைச் சொற்கள், தோற்றமும் பொருளும், இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம், பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டே சனி ஞாயிறுகளில் எழுதிய ஏழு வருஷம், அதில் ஒரு பக்கம் பொய். பொய் இல்லை, தப்பு. தப்பு எந்த நேரத்தில் பொய்யாக மாறுகிறது? புதன்கிழமை மத்தியானம்வரை அது தப்பு. எனக்குத் தெரிந்துபோன பிறகும் நான் வாயைத் திறக்காமல் இருந்த வியாழக்கிழமை முழுக்க அது மெல்ல மெல்லப் பொய்யாகிக்கொண்டிருந்தது, இன்று வெள்ளி, நன்றாகவே பழுத்துவிட்டது. பக்கம் நூற்று நாற்பத்து மூன்று. அந்த எண்ணைப் பேருந்துச் சீட்டில் பார்க்கிறேன், ஆட்டோ நம்பரில் பார்க்கிறேன், இந்த அரங்கத்தின் சுவரில் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிற ஏதோ எண்ணிலும் ஒன்று, நான்கு, மூன்று என்று என் கண் தானாகச் சேர்த்துக்கொள்கிறது.

கடைசி வரிசையில் அப்பா. வெள்ளைச் சட்டை, மடிப்புக்கூடக் கலையவில்லை, காலை ஆறு மணிக்கே அறந்தாங்கிப் பஸ்ஸைப் பிடித்துத் தம்பியோடு வந்துவிட்டார், நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருக்கிறார், மீதிப் பாதியை வேறு யாருக்கோ விட்டுவைத்ததுபோல. நாற்பது வருஷம் கல் உடைத்தவர், இந்த நாற்காலிக்கு வலிக்குமோ என்று யோசிக்கிறவர்போல உட்கார்ந்திருக்கிறார். இது பொதுவாய்மொழித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று சொன்னபோது, "எனக்கு இங்கிலீசு புரியாதேத்தா" என்றார், "சும்மா வந்து உக்காருப்பா, முகத்தைப் பாத்தாப் போதும்" என்றேன், இப்போது அந்த முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. என் நெறியாளர் மனோன்மணி மேடம் மேடைக்கு ஏறிவிட்டார், பட்டுப்புடவை, நெற்றியில் வியர்வை, போகிற போக்கில் என் காதருகே குனிந்து, "ஞாபகம் இருக்குல்ல, அதைப் பத்தி மூச்சு விடக்கூடாது" என்கிறார். ஞாபகம் இருக்கிறது மேடம். புதன்கிழமை சாயங்காலம் பல்கலைக்கழக நூலகத்து வாசலில் நின்றுகொண்டு போன் பண்ணினேன், மேடம், நான்காவது இயலில் ஒரு பெரிய தப்பு இருக்கிறது என்று. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு, "தீசிஸ் போயாச்சு, ரிப்போர்ட் வந்தாச்சு, ரெண்டுமே பாசிட்டிவ். அதுலயும் எபனேசர் சார் அந்த இயலைத்தான் தனியாப் பாராட்டி எழுதியிருக்கார். அந்தக் கருத்தே அவரோடதுதானே? அவர் எழுதினதை அவர்கிட்டயே தப்புன்னு சொல்லப்போறீங்களா? யாருக்கும் தெரியாது நாயகி. முடியட்டும், அப்புறம் திருத்திக்கலாம்." மேடம் கெட்டவர் இல்லை. என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு மாதமும் எனக்காக அலுவலகத்தில் நீட்டிப்புக்கு நடையாய் நடந்தவர். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் தோன்றியது. கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெயர் சொல்லி அழைக்கிறார்கள், எழுந்து நிற்கிறேன், என் குரல் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறது, அது பேசட்டும், அதற்குப் பழக்கம்தான், திரையில் முதல் படம், இரண்டாம் படம், வேட்டைச் சொற்கள் வேட்டை மறந்துபோன பிறகும் மொழியில் தங்கிவிடுகின்றன என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது, நான் உள்ளே வேறெங்கோ நிற்கிறேன். குவாரி. எங்கள் ஊரில் கல்குவாரியைக் குவாரி என்றுதான் சொல்வோம், அது ஆங்கிலம் என்று எனக்குப் பத்தாம் வகுப்பில்தான் தெரிந்தது, அம்மா சொன்ன முதல் இருபது சொற்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும், அப்பா எங்கே, குவாரிக்கு, அப்பா எப்ப வரும், குவாரி விட்டதும். கல்லூரியில் ஒரு பாடத்தில் அதே சொல் வந்தது, துரத்தப்படுகிற விலங்கு என்று ஓரத்தில் பொருள் போட்டிருந்தார்கள். பள்ளத்துக்கும் இரைக்கும் ஒரே சொல்லா? உடம்பெல்லாம் சிலிர்த்தது எனக்கு. ஏனென்றால் நான் பார்த்திருந்தேன். ஒன்பது வயதில், பங்குனி மாதத்தில், கேளிக்கை பண்ணிக்கொண்டு வெளியூர் ஆட்கள் நாய்களோடு முயல் வேட்டைக்கு வந்தபோது, அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு நான் போய்க்கொண்டிருந்தேன், ஒரு முயல் அறுவடை முடிந்த வயலைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வந்து, வேலை நின்றுபோயிருந்த பழைய குவாரிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது, மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, இறங்கின வழியைத் தவிர வேறு வழி இல்லை. ஆக இரைக்குப் பள்ளத்தின் பெயர், ஒளிந்துகொள்ளப் போன இடமே அதன் பெயராகிவிட்டது, எவ்வளவு பொருத்தம். எபனேசர் சாரின் பழைய கட்டுரையிலும் அதே கருத்தைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. பக்கம் நூற்று நாற்பத்து மூன்றை ஒரே உட்காரலில் எழுதினேன், இருநூற்றுப் பதினெட்டுப் பக்கத்திலும் அதுதான் அழகான பக்கம். வேட்டைக்கும் வேட்கைக்கும் உறவு உண்டா என்று, தமிழோடு ஒப்பிடும் ஐந்தாம் இயலில் கேட்கும்போது மட்டும், இருக்கலாம், ஆதாரம் போதாது என்று எவ்வளவு ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறேன். பிடிக்காத இடத்தில் எல்லோருமே ஜாக்கிரதைக்காரர்கள்தான்.

புதன்கிழமை நூலகத்தில் அந்தப் பெரிய அகராதியை எதற்குத் திறந்தேன்? படத்தில் போட ஒரு வரி தேவைப்பட்டது, அவ்வளவுதான். குவாரி என்று இரண்டு தலைப்பு, பக்கத்தில் சின்னதாக ஒன்று, இரண்டு என்று எண். அந்த எண்களை நான் முதல்முறையாகப் பார்க்கவில்லை. என் மேஜைமேல் கிடக்கிற கைஅகராதியிலும் அவை உண்டு, ஏழு வருஷமாகப் பார்த்த எண்கள், அச்சுக்காரர்களின் ஏதோ ஒழுங்கு என்று தாண்டிப் போன எண்கள். இரண்டும் வேறு வேறு சொல் என்பதற்குத்தான் அந்த எண். கல் எடுக்கிற குவாரி, சதுரத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, கல்லைச் சதுரமாக்கும் இடம். வேட்டைக் குவாரி எங்கோ பிரெஞ்சுக் காட்டிலிருந்து வந்தது, மானைக் கொன்றதும் அதன் தோலைத் தரையில் விரித்து, குடலையும் ஈரலையும் அதன்மேல் போட்டு, துரத்திவந்த நாய்களுக்குக் கொடுப்பார்கள், அந்தப் பங்குதான் முதலில் குவாரி. நாய்ப்பங்கு. படித்துக்கொண்டிருக்கும்போதே என் கால் கூசியது, ஏனென்றால் பழைய பள்ளத்தில் நடந்தது அங்கே முடியவில்லை. முயல் ஒரு பாறைச்சரிவுக்குப் பின்னால் பதுங்கிவிட்டது, நாய்கள் மோப்பம் தொலைத்துச் சுற்றின, தலைப்பாகை கட்டின ஆள் மேலே நின்றிருந்த என்னைப் பார்த்து, "பாப்பா, எங்கிட்டுப் போச்சு?" என்றார். நான் கை நீட்டினேன். யோசிக்கக்கூட இல்லை, பெரியவர் கேட்டார், தெரிந்த பதில், நீட்டினேன். பிறகு அவர்கள் அந்த இடத்திலேயே தோலைச் சட்டை கழற்றுவதுபோல உரித்துப் பாறைமேல் விரித்து, மண் ஒட்டாமல் இருக்கக் குடலை அதன்மேல் போட்டார்கள், நாய்கள் நக்கி நக்கித் தோலே நகர்ந்து போனது. இதைத்தான் நான் மறந்துபோயிருந்தேன். உண்மையான மூலத்தைக் கண்ணால் பார்த்திருந்தவள் நான், என் கை நீண்டதை மறைப்பதற்காக அந்தத் தோலையும் சேர்த்துச் சுருட்டி எங்கோ போட்டுவிட்டு, முயல் பள்ளத்துக்குள் ஓடிப் போனதோடு கதையை நிறுத்திக்கொண்டேன். நிறுத்தினதை ஆராய்ச்சி என்று எழுதினேன்.

எட்டாவது படம் முடிந்துவிட்டது, ஒன்பதாவது படம் திரையில், என் குரல் நின்றிருக்கிறது. எவ்வளவு நேரமாக? மின்விசிறியின் கிறீச் மட்டும் கேட்கிறது. திரையில் குவாரி என்ற சொல், கீழே அந்த அழகான வாக்கியம், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் எபனேசர், ஆண்டு. படித்துவிட்டுப் போய்விடலாம். பன்னிரண்டு சொற்கள். பன்னிரண்டு சொற்களைத் தாண்டினால் பத்தாவது படம், அதில் ஒரு பிழையும் இல்லை, அப்புறம் போண்டா, கேசரி, மாலை, அப்பா பஸ் ஏறுவார். கை நீட்டினவள் நான்தானே, இப்போதும் பெரியவர்கள் எதிரே இருக்கிறார்கள், அவர்கள் எதிர்பார்க்கிற திசையில் கை நீட்டினால் எல்லோருக்கும் திருப்தி. இல்லை. "இந்தப் படத்தில் இருப்பது தப்பு" என்று என் குரல் சொல்கிறது, நான் சொல்லச் சொல்லவில்லை, அதுவாகச் சொல்கிறது, பிறகு நானும் அதோடு சேர்ந்துகொள்கிறேன். "ஆய்வேட்டில் பக்கம் நூற்று நாற்பத்து மூன்றிலும் இதே தப்பு இருக்கிறது. இரண்டு குவாரியும் ஒரே சொல் இல்லை. தவறாக எழுதிவிட்டேன். புதன்கிழமைதான் தெரிந்தது." மனோன்மணி மேடம் கண்ணை மூடிக்கொள்கிறார். எங்கோ ஒரு டம்ளர் கீழே வைக்கப்படும் சத்தம்.

எபனேசர் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். "இங்க மேற்கோள் காட்டியிருக்கறது என் கட்டுரைதானே?" என்கிறார் ஆங்கிலத்தில். ஆமாம் சார். "அப்போ அதுவும் தப்பா?" அதுவும் தப்பு சார். யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கிவிடுகிறார்கள். "சரி, நிரூபிங்க" என்று நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போடுகிறார், அந்தக் கால் போடுகிற விதத்தில் எனக்குத் தெரிந்துவிடுகிறது, இனி இது சம்பிரதாயத் தேர்வு இல்லை, நிஜமாகவே தேர்வு. சொல்கிறேன். நாய்ப்பங்கிலிருந்து தொடங்குகிறேன், அந்தச் சொல் பிறகு வேட்டை முடிந்து குவித்து வைத்த உடல்களுக்கு ஆனது, அதற்கும் பிறகு இன்னும் சாகாத, ஓடிக்கொண்டிருக்கிற விலங்குக்கே ஆனது, ஓடும்போதே அதைப் பங்காகப் பார்த்துவிட்டார்கள் என்கிறேன், இது எந்தக் குறிப்பிலும் எழுதி வைக்காதது, இப்போது வாயில் வந்தது. "மூலம் தோல்தானா? அதுவாவது உறுதியா?" என்று குறுக்கே வெட்டுகிறார். கொஞ்ச நேரத்துக்கு முந்தைய நானாக இருந்தால் ஆமாம் என்றிருப்பேன். "உறுதி என்று சொல்லமாட்டேன் சார். அதற்கும் முந்தைய வடிவம் உள்ளுறுப்புகளைக் குறித்தது, இதயத்துக்கான லத்தீன் சொல்லின் வழி வந்தது. பிறகு தோலுக்கான பிரெஞ்சுச் சொல் பக்கத்தில் நின்று அதன் உருவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது என்று நினைக்கிறார்கள். குடலோ தோலோ, எதுவானாலும் அதில் கல் இல்லை." தலையாட்டுகிறாரா? இல்லை, கழுத்தைச் சொடுக்கெடுக்கிறார். "இதெல்லாம் எந்த நல்ல அகராதியிலும் இருக்குமே. ஏழு வருஷமா ஏன் பாக்கல?"

இதுதான் கேள்வி. இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன் என்பது இதைக் கேட்ட பிறகுதான் தெரிகிறது, பக்க எண்ணுக்கு இல்லை, இதற்கு. நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், பள்ளிக்கூட வேலை, மாமியார், எல்லாமே நிஜம். "பார்க்க விரும்பவில்லை சார்" என்கிறேன். "நான் கல்குவாரியில் வளர்ந்தவள். ஒரு முயல் அதற்குள் ஓடியதைப் பார்த்தேன். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான்தான் கை காட்டினேன். அந்த முயலுக்கும் அந்த இடத்துக்கும் ஒரே பெயர் என்றால், அது அங்கே மாட்டிக்கொண்டது அதன் பெயரிலேயே எழுதியிருந்தது என்று ஆகும். என் கைக்கு வேலை இல்லாமல் போகும். அதனால் எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது." இத்தனை பேர் முன்னால், மைக்கில். முப்பத்து மூன்று வருஷமாக என் கணவரிடமோ அம்மாவிடமோ சொல்லாதது. சொன்னதும் ஒரு நொடி காது அடைத்துக்கொண்டது, பிறகு விலகியது, விலகினதும் மின்விசிறி, வெளியே ஒரு பைக், சமையல் பக்கத்திலிருந்து எண்ணெய் வாசனை, எல்லாம் புதிதாகத் துலக்கி வைத்ததுபோல வந்தன. எனக்குப் பசித்தது. புதன்கிழமைக்குப் பிறகு முதல்தடவை பசித்தது.

எபனேசர் சார் எழுந்து மேடைப் பக்கம் வருகிறார், உயரமான ஆள், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், ஆங்கிலத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்தவர்போலத் தமிழில் பேசுகிறார். "முப்பத்தோரு வருஷமா கிளாஸ்ல இதத்தாம்மா சொல்லிட்டு இருந்தேன். எத்தன பேட்ச்! ஒருத்தராவது எந்திரிச்சி, இல்ல சார்னு சொல்லுவாங்கன்னு பாத்தா, எல்லாரும் எழுதிக்கிட்டாங்க." ஆய்வேட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை என் முன்னால் வைக்கிறார், தன் பேனாவைத் திறந்து நீட்டுகிறார். "அடிங்க. ஓரத்துல திருத்தத்த எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அறிக்கையில நான் சேத்துடுதேன்." நான் வாக்கியத்தின்மேல் கோடு இழுத்து, அடிக்குறிப்பில் அவர் பெயருக்கு வந்ததும் தயங்குகிறேன். "அத எடுக்காதீங்க. தப்பு யாருதுன்னு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்துச் சிரிக்கிறார், அப்போது எழும்புகிறது கைதட்டல், மனோன்மணி மேடம்தான் முதலில், கண்ணைத் துடைத்துக்கொண்டே, அடிப்பாவி என்று உதடு மட்டும் அசைகிறது. அழகான வாக்கியம்தான். அடித்த பிறகும் எழுத்து தெரிகிறது. போகட்டும், வருத்தமாக இல்லை, இதைவிட நல்லதாக எழுத எனக்குத் தெரியும் என்று இப்போது தெரிகிறது.

"பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்று மேடம் சம்பிரதாயமாகச் சொல்லிவிட்டு, அடுத்த காகிதத்தைத் திருப்பப் போகும்போது கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தரையில் தேய்கிறது. அப்பா. தம்பி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கிறான், அப்பா அவன் கையைத் தட்டிவிடுகிறார். "ஐயா, மன்னிக்கணும். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா எம்மக நிமிசத்துக்கொரு தடவ குவாரி குவாரிங்குது. அது ஒண்ணுதான் வெளங்குது. எங்க குவாரியப் பத்தி இங்க என்ன பேசுனீங்க?" ஒரு சலசலப்பு. எபனேசர் சார் கையை உயர்த்துகிறார். "முறையான கேள்வி. ஆய்வாளர் பதில் சொல்லியாகணும்." நான் மைக்கைச் சாய்த்து வைத்துவிட்டு, அது வேண்டாம் எனக்கு, குரல் இருக்கிறது, "அப்பா, குவாரின்னு இங்கிலீசுல ரெண்டு சொல்லு இருக்கு" என்கிறேன். "ஒண்ணு வேட்டையில அடிபடுற பிராணி. அது வேற, நம்மோடது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு நான் தப்பா எழுதிட்டேன், இப்பத் திருத்திட்டேன். நம்ம குவாரிக்கு அந்தப் பேரு சதுரத்துலேருந்து வந்துச்சு. கல்லச் சதுரமாக்குற எடம்னு அர்த்தம்." அப்பா வெடிமருந்துக் கறை போகாத அந்த விரல்களால் காற்றில் ஒரு விளிம்பைத் தடவிப் பார்க்கிறார், இங்கே, அங்கே, மூலையில் கொஞ்சம் நின்று. "அது செரிதான்" என்கிறார் சபைக்கே தீர்ப்புச் சொல்கிறவர்போல. "நாலு பக்கமும் நேரா வந்தாத்தான் கல்லு. இல்லாட்டி அது சல்லி. சொல்லு வச்சவன் வேல தெரிஞ்சவந்தான்." உட்காரவில்லை. "அப்ப அந்த வேட்டக் குவாரி எதுலேருந்து வந்துச்சு, அதையுஞ் சொல்லு."

மேடம் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், கேசரி ஆறுகிறது என்று வாசலில் ஒருவர் சைகை காட்டுகிறார், நான் அப்பாவுக்குச் சொல்கிறேன், தோலையும் குடலையும் நாயையும், முயலையும் என் கையையும்கூட, தமிழில், எங்கள் ஊர்த் தமிழில், அப்பா தலையை ஆட்டி, "ஆமா, அது பொன்னமராவதி ஆளுக, எனக்கு ஞாபகம் இருக்கு, நீ ரெண்டு நா சோறு திங்கல" என்கிறார், எனக்கே தெரியாத செய்தி, இரண்டு நாள். நடுவரிசையில் ஒரு பெண் கை உயர்த்துகிறாள், வேட்டையில் நாய்க்குப் பங்கு உண்டு, விரட்டிக் கொடுத்த ஆளுக்கு என்ன பெயர் என்று கேட்கிறாள், அதற்கும் ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது, எழுபத்தெட்டாம் பக்கம், அது சரியான பக்கம், சொல்கிறேன். இன்னொருவர், இன்னொருவர். பதில் தெரியாத ஒன்றுக்குத் தெரியாது என்கிறேன், எவ்வளவு லேசான சொல் அது. மேடம் முடிவுரைக் காகிதத்தோடு எழுந்து நிற்கிறார், ஒரு நிமிஷம் மேடம் என்று கை காட்டிவிட்டு மேடையின் விளிம்புவரை வருகிறேன், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "வேற யாருக்காவது கேக்கணுமா?" என்கிறேன், "கேளுங்க, நான் எங்கயும் ஓடல."